மருமகள் கழுவிய ஸ்பேனர்

என் மருமகள் மேசை துடைப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். துணியை நான்காக மடிப்பாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்பு. பிறகு துணியைத் திருப்பி, புதுப் பக்கத்தால் அடுத்த இழுப்பு. போன கை திரும்பி வராது. நான் வட்ட வட்டமாகத் தேய்த்தால் அவளுக்குத் தாங்காது. "அத்தை, நீங்க அழுக்கை எடுக்கல, மேசை முழுக்கப் பங்கு போட்டுக் குடுக்கறீங்க" என்பாள். நாற்பது வருஷமாகத் துடைத்த கை இது. மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றிக்கொள்ளவும் மாட்டேன். என் வீட்டுக்காரர் அவளுக்கு 'ஒருவழிப்பாதை' என்று பேர் வைத்துவிட்டார்.

அது அவள் வேலையில் வந்த பழக்கம். அணுமின் நிலையத்தில் கழுவும் கூடத்தில் இருக்கிறாள். வேதியியல் படித்த பெண் எதற்குக் கழுவப் போகிறாள் என்று ஆரம்பத்தில் என் மகனிடம் சண்டை போட்டேன். அப்புறம்தான் விளங்கியது. உலையைச் சுற்றி ஓடும் தண்ணீர், பம்பு, வால்வு எல்லாவற்றின் உள்பக்கமும் மெல்லிய துருவைப் பூசி வைக்குமாம். கதிர்வீச்சு அந்தத் துருவில்தான் உட்கார்ந்திருக்கும். ஆள் கை வைத்துப் பழுது பார்க்க வேண்டுமானால் முதலில் துரு போக வேண்டும். ஊதா நிறத் தண்ணீரில் சூடாக ஊறப்போடுவார்கள். பிறகு ஓர் அமிலத்தை விட்டால் ஊதா மறைந்துவிடும், துருவும் கரையத் தொடங்கும். மருந்துகளின் பேரை எத்தனையோ தடவை சொன்னாள், என் நாக்கில் நிற்கவில்லை. ஒன்று மட்டும் மனசில் நின்றது: குறைவாகக் கழுவினால் ஆளுக்கு ஆபத்து, அதிகமாகக் கழுவினால் மருந்து இரும்பையே தின்னும். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவள் அவள்.

காலையில் கம்மலையும் கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் கன்னத்தில் முகமூடியின் தடத்தோடு வருவாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது அந்தக் கூடத்துக்குள்ளேயே அவளை விடவில்லை, அலுவலகத்தில் காகிதம் அடுக்கச் சொல்லிவிட்டார்கள். அத்தனை மாசமும் பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்த மாதிரி முகத்தை வைத்திருந்தாள்.

என் வீட்டுக்காரரும் அங்கேதான் ஃபிட்டராக இருந்தார். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. குழாய்களுக்கு நடுவே ஒரு நட்டு, எந்த ஸ்பேனரும் நுழையாத இடம். இவர் வீட்டு ஸ்பேனர் ஒன்றின் தலையை மூன்று நாள் அரம் போட்டு இளைத்து, கைப்பிடியில் தன் அடையாளத்தை வெட்டி, யாருக்கும் சொல்லாமல் உள்ளே கொண்டுபோனார். நட்டு கழன்றது. வெளியே வரும்போது வாசலில் கதிர்வீச்சு அளக்கும் மெஷின் மணி அடித்தது. ஸ்பேனரைப் பிடுங்கி மஞ்சள் சீட்டு கட்டி டிரம்மில் போட்டார்கள், இவருக்குத் திட்டு கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டில் எது கழன்றாலும், "அந்த ஸ்பேனர் மட்டும் இருந்தா" என்பார். கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு நட்டு ஆறு மாசமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கும் அதே பாட்டு. அடியில் வாளி வைத்து, ஊற்றி ஊற்றி என் இடுப்பு போயிற்று.

ஒரு திங்கட்கிழமை சாப்பிடும்போது மருமகள் கேட்டாள். "மாமா, தலையை இளைச்ச ஸ்பேனர், கைப்பிடியில ரெண்டு கோடு ஒரு புள்ளி. உங்களோடதா?"

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எங்கம்மா பாத்தே?"

"பழைய டிரம்ல. அந்த அறையைக் காலி பண்றாங்க. கழுவிச் சுத்தமானா வெளிய விடுவாங்க. ஆகலன்னா வெள்ளிக்கிழமை வெட்டி சிமெண்ட்ல போட்டுடுவாங்க."

"அதெல்லாம் எதுக்கு? நைசா எடுத்துட்டு வந்துடு."

"உங்களப் பிடிச்ச மெஷின் இன்னும் ரிட்டயர் ஆகல மாமா."

முறைப்படி எழுதிக் கேட்டாள். மற்றக் கருவிகளோடு இதையும் கழுவச் சம்மதித்தார்கள். புதன்கிழமை வந்து, "ஸ்பேனர் உடம்பு சுத்தம் மாமா. நீங்க வெட்டின கோட்டுக்குள்ள மட்டும் கதிர்வீச்சு இன்னும் இருக்கு" என்றாள். அன்றே இரண்டாவது தடவை ஊறப்போட்டிருந்தாள். வியாழக்கிழமையும் அதே சேதிதான்.

"இன்னொரு தடவை போடேன்."

"போட்டா தலையைத் தின்னுடும். நீங்க இளைச்சதே காகிதம் மாதிரி இருக்கு."

இவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அளக்கிறப்போ கோடு போட்ட பக்கத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பிடிச்சா என்ன?"

பேத்தி நடை பழகும் வயசு, மேசைக்கு அடியில் என் செருப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மருமகள் குனிந்து செருப்பைப் பிடுங்கினாள்.

"நாளைக்கு இவ வாயில உங்க ஸ்பேனர் இருக்கும். அப்பவும் திருப்பிப் பிடிக்கலாமா மாமா?"

இவர் தலை தொங்கிப்போயிற்று.

"ஒரு வழி இருக்கு," என்றாள் அவள். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, ஈரமாவே கோட்டை அரத்தால ராவி எடுத்துடலாம். தலைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அடையாளம் போயிடும். உங்களக் கேக்காம செய்ய மாட்டேன்."

"அடையாளம் இல்லாட்டி அது எவனோட ஸ்பேனரோ. போடட்டும், சிமெண்ட்லயே போடட்டும்."

எனக்கு வந்ததே கோபம். "ஆறு மாசமா வாளி தூக்கறது நானு. ரெண்டு கோடா வந்து நட்டைத் திருகப் போவுது? நீங்க இளைச்ச தலையைக் காட்டினா நாளைக்கே நான் சொல்லுவேன் இது உங்க கைன்னு. ராவச் சொல்லுங்க!"

அவர் எழுந்து கை கழுவப் போனார். தொட்டியடியில் வாளியில் சொட்டு விழும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அங்கிருந்தபடியே, "ராவிடும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பேனர் வீட்டுக்கு வந்தது, வெளியே விடலாம் என்று கையெழுத்துப் போட்ட சீட்டோடு. புதுசு மாதிரி வெளுத்திருந்தது. அவர் கைப்பிடியைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் தலையின் ஓரத்தைத் தடவினார். தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். மருமகள் விளக்கு பிடித்தாள். நாலு திருகு. சொட்டு நின்றது.

எழுந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து உளியைத் தேடினார். மறுபடி கோடு போடத்தான்.

"வேணாம் மாமா," என்றாள். "பள்ளம் இருந்தா அழுக்கு சேரும்."

"இது வீடும்மா."

"வீடுதான்."

உளியை உள்ளே போட்டு இழுப்பறையைச் சாத்தினார். "ஒருவழிப்பாதை சொல்லிட்டா திரும்பவா முடியும்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. நான் வாளியை எடுத்து வெளியே கவிழ்த்து வைத்தேன். தொட்டியடியில் தேங்கியிருந்த ஈரத்தை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வட்ட வட்டமாகத் துடைத்தேன்.