தூங்கிப் பார்த்த படம்

“பிடிச்சிருக்குன்னா, ஏன்னு சொல்லியே ஆகணுமாடி?”

வேலை முடிந்து நடந்து வரும்போது அக்கா இப்படிக் கேட்டாள். எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் பொரிந்து தள்ளுகிற தங்கை, அன்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

இருவருக்கும் ஒரே சட்டைக் கம்பெனியில் வேலை. அக்கா சட்டைக்குக் கை வைத்துத் தைப்பாள். தங்கை பட்டன் துளை போடும் காஜா மிஷினில் இருந்தாள். தங்கைக்கு சினிமா என்றால் உயிர். அவளைத் தனியாக அனுப்ப மனம் வராமல் அக்கா கூடப் போவாள். போய், விளக்கு அணைந்ததும் கண்ணசந்துவிடுவாள்.

வீட்டில் அப்பா படுத்த படுக்கை. ராத்திரியில் தண்ணீர் வேண்டுமென்றாலும், புரண்டு படுக்க வேண்டுமென்றாலும் அவர் கூப்பிடுவது பெரியவளைத்தான். அதே அறையில் சின்னவள் இடி விழுந்தாலும் எழாமல் தூங்குவாள்.

ஆண்டுக் கடைசியில் கம்பெனியின் சாப்பாட்டு மேசையில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். அந்த வருடப் படங்களில் எது முதல், எது இரண்டாவது என்று அடித்துக்கொள்வார்கள். முதலிடம் கேட்கிறவள் அந்தப் படத்திலிருந்து ஒரு காட்சியைச் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் படம் தள்ளுபடி. கழுத்துப்பட்டை தைக்கும் ‘காலர்’தான் தலைவி. ஆனால் எல்லோரும் தங்கையின் வாயைத்தான் பார்ப்பார்கள். அவளுக்கு ‘ஜட்ஜம்மா’ என்றே பட்டம். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருடம் காலர் அக்காவின் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, வருஷம் பூரா தங்கச்சியோட படம் பார்க்கிறே, வாயே திறக்க மாட்டேங்கிறே. உனக்கு எது ஃபர்ஸ்ட்டு?”

அக்கா டப்பாவை மூடினாள். “அந்தக் கப்பல் படம்.”

மேசையே அதிர்ந்தது.

“மூணு மணி நேரம் தண்ணியையே காட்டுவானே, அதுவா?”

“படம் எடுத்தவனே பாதியில எந்திரிச்சுப் போயிருப்பான்டி!”

“சரி சரி, சீன் சொல்லும்மா” என்றாள் காலர்.

அக்கா யோசித்தாள். “கடல்... நல்லா இருந்துச்சு. சத்தமே இல்லாம.”

தங்கைக்கு மானம் போனது. ஜட்ஜம்மாவின் அக்காவுக்கு இதுதான் ரசனையா? “இவ எங்க பார்த்தா? பேர் போடுறப்பவே என் தோள்ல சாஞ்சவ. லைட்டு போட்டப்புறம் நான்தான் உலுக்கி எழுப்பினேன். குறட்டை வேற!”

“தூங்கினதுக்கு முதலிடம்னா, நம்ம மேனேஜர் போடுற மீட்டிங்குக்குத்தான் குடுக்கணும்!” என்று காலர் தீர்ப்பு சொன்னாள். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் புரையேறியது. அக்காவும் சிரித்தாள்.

அன்று வழியில்தான் அந்தக் கேள்வி. கொஞ்ச தூரம் நடந்ததும் அக்காவே சொன்னாள்: “அன்னிக்கு முழுசாத் தூங்கினேன்டி. நடுவுல யாருமே கூப்பிடல.” குரலில் கோபமே இல்லை.

அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது, “நீ போயிட்டு வாடி. எனக்கு இதெல்லாம் புரியாது” என்றாள்.

“புரிய வேணாம்க்கா. தூங்கு, நான் எழுப்ப மாட்டேன்.”

“டிக்கெட் எடுத்துத் தூங்குறாளேன்னு சிரிக்கவா?”

அதற்குப் பிறகு அவள் தியேட்டர் பக்கமே வரவில்லை. சாப்பாட்டையும் மிஷின் பக்கத்திலேயே முடித்துக்கொண்டாள். தங்கை அப்பாவின் குரலுக்கு எழுந்து பார்க்கப் பழகினாள். எழும்போதெல்லாம் அக்கா ஏற்கெனவே எழுந்து நின்றாள். “நீ படு. காலைல மிஷின்ல கை நடுங்கும்.”

மறு வருடப் பஞ்சாயத்தில் ஜட்ஜம்மா, “எனக்கு அந்தக் கப்பல் படம்தான்” என்றாள்.

“அது போன வருஷத்துதுடி! சரி, சீன் சொல்லு.”

“கப்பல் கிளம்புறப்போ என் தோள் மரத்துப்போச்சு. அசைஞ்சா அவ முழிச்சுக்குவாளேன்னு கடைசி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.”

“இது படத்துல வர்ற சீன் இல்லையே” என்றாள் காலர். தள்ளுபடி.

கேட்க வேண்டியவள் ஹாலின் மறுகோடியில், மிஷினுக்கு முதுகைக் கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் தியேட்டருக்குப் போய்த் தூங்குகிறவர் யாராவது இருப்பார். அவரைக் கூட்டிப் போகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.