இரண்டாம் சீசனில் வாசித்த ஓலை

பேய், ஆவி, மாயம் என்று யாராவது வாயைத் திறந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாகக் கிராணி என்கிற குமாஸ்தா வேலை, கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தால்தான் எதையும் நம்புவேன். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் தம்பி செபாஸ்டியனுக்கு முப்பத்துநாலு வயது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனை வளர்த்தது நான்தான், அதற்காகவே கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள், நான் சொல்லிக்காட்டுவேன். டத்தோ கிராமாட்டில் எங்கள் பிளாட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், அந்த உளவாளித் தொடர். இந்தியில் எடுத்து, தமிழில் குரல் கொடுத்தது. மருந்துக் கம்பெனி ஆள் என்று ஊரை ஏமாற்றிக்கொண்டு திரிகிற ஒரு உளவாளி. முதல் சீசன் கடைசியில், அவன் வீட்டுக்குள்ளேயே யாரோ அவனைக் காட்டிக்கொடுக்கிறார் என்று தெரிய வருகிறது, யாரென்று சொல்லாமல் முடித்துவிட்டார்கள் பாவிகள். இரண்டு வருடம் காத்திருந்தோம். அடுத்த சீசன் வந்தால் யாரும் தனியாகப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

இரண்டாம் சீசனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது செபா ஒரு யோசனை சொன்னான்.

"அக்கா, கதையே மறந்துபோச்சுலா. முதல் சீசன மறுபடியும் பாத்துடுவோம். மூணு ஞாயித்துக்கிழமை காலையில உக்காந்தா முடிஞ்சிடும்."

"பூசைக்கு யாருடா போறது?"

"சனிக்கிழமை சாயங்காலம் இங்கிலீஷ் பூசை பாத்துட்டா ஞாயிறு கடன் தீந்துச்சுலா. நா உன்ன கூட்டிட்டுப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையை, காய்ச்சல் வந்தாலும் நான் விட்டதில்லை. ஆனால் தம்பி வாய்விட்டுக் கேட்கிறானே என்று சரி சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிறும் அவனே ரொட்டி சானாய் வாங்கி வந்து, தேநீர் கலக்கி, என் காலுக்கடியில் தலையணை வைத்து, "பாருக்கா பாருக்கா, இவன்தான் திருடன்" என்று பேசிக்கொண்டே பார்த்தான். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இரண்டாம் சீசன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. செபா மறுநாள் கெப்பாலா பத்தாஸில் ஏதோ கோர்ஸ் என்றான். திரும்பி வந்ததும் சேர்ந்து பார்க்கலாம், அதுவரை தொடக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னான். சனிக்கிழமை காலை புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். கோர்ஸுக்கு எதற்குடா புதுச் சட்டை என்றால், பெரிய முதலாளி வருகிறாராம். கிளம்பும்போது என் முன்னால் வந்து குனிந்து, "நெத்தியில ஒரு சிலுவை போடுக்கா" என்றான். பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் போகும்போது கேட்பான், அதற்கப்புறம் கேட்டதே இல்லை. போட்டு அனுப்பினேன்.

பத்து மணிக்குத் துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கை அரித்தது. ஒரு எபிசோட்தானே, அவன் வந்ததும் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தால் போகிறது என்று போட்டுவிட்டேன்.

இருபது நிமிடம் போயிருக்கும். உளவாளி ஒருவனை விரட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குள் ஓடுகிறான், ஒரே கூட்டம், சத்தம். அப்படியே சத்தம் அடங்கி, திரையில் ஒரு கோயில் வந்தது. எங்கள் கோயில். நம்பினால் நம்புங்கள், வலது பக்கத் தூணில் நீலப் பெயின்ட் உரிந்திருக்கும் இடம் உட்பட எங்கள் கோயிலேதான். கடைசி வரிசையில், அந்தத் தூணுக்குப் பக்கத்திலிருந்து பார்ப்பது போலத் தெரிந்தது. முன்னால் முக்காடு போட்ட தலைகள், மேலே காற்றாடி சுற்றுகிறது, பீடத்துக்குப் பக்கத்தில் எங்கள் பங்குச் சாமியார் நின்று, எங்கள் சாமியாரின் அந்த மூக்கடைத்த குரலில் கல்யாண ஓலை வாசிக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு தமிழ்ப் பூசையில் மட்டும் வாசித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்கிற அறிவிப்பு அது.

"மூன்றாம் ஓலை. காலஞ்சென்ற சவரிமுத்து, ஆரோக்கியமேரி இவர்களின் மகன் செபாஸ்டியனும், தாசேக் கெலுகோரைச் சேர்ந்த அருளப்பன், லூர்துமேரி இவர்களின் மகள் கிளாராவும் திருமணம் செய்ய இருக்கிறார்கள்."

உடனே மறுபடியும் ரயில் நிலையம். உளவாளி ஓடிக்கொண்டிருக்கிறான்.

ஆறு தடவை பின்னால் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ரயில், கூட்டம், தேநீர் விற்கிறவன், அவ்வளவுதான். போனில் ஜோஸ்பினைக் கூப்பிட்டேன். என்னோடு நாற்பது வருடமாக ஒரே கோயிலுக்கு வருகிறவள், பாட்டுக் குழுவில் பாடுகிறவள்.

"என்ன பிலோ, கல்யாண வீட்டுல இருந்தா கூப்பிடுற?" என்றாள்.

யார் கல்யாணம் என்றேன். "வெளையாடாதலா, செபா கல்யாணந்தான். பதினோரு மணிக்கு, பொண்ணோட ஊர்லன்னு ஓலையில சொன்னாங்களே. குடும்பத்தோட மட்டும் சின்னதா செய்றீங்கன்னு நெனச்சோம்." அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், நான் காதில் வாங்கவில்லை. காடியை ஓட்டிக்கொண்டு என் பிளாட்டுக்குக் கீழே வாடி என்று கத்தினேன்.

கடல் பாலத்தைத் தாண்டிப் பெண்ணின் ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்து படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் செபாவின் முகம் வெளுத்துவிட்டது. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாதாடா? மூணு ஞாயிறும் ஓலை வாசிக்கிற நேரமாப் பாத்து என்னைய டிவி முன்னால கட்டிப்போட்டியே, பாவி!"

"பயந்துட்டேன்க்கா."

"என்னைக் கண்டாடா பயம்?"

"கிளாரா பேச்ச எடுத்தன்னைக்கு நீ என்ன சொன்ன? டேய், உன்னவிட அஞ்சு வயசு மூத்தவ, புருசன முழுங்கினவ, இவ பேர ஓலையில வாசிச்சா நடுக்கோயில்ல எந்திரிச்சு தடை சொல்வேன்னு மாதா படத்துல கை வச்சு சொன்னியா இல்லியா?"

சொன்னேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் செய்திருக்க மாட்டாயா என்று கேட்டால், செய்திருப்பேன். அதற்காக? நெற்றியில் சிலுவை போட வைத்துவிட்டுப் போனானே, அந்த நேரத்திலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? திரும்பி வந்து காடியில் ஏறிவிட்டேன்.

பாலம் வரை அழுதேன். அப்புறம் ஜோஸ்பின் மேல் பாய்ந்தேன். "நீயாவது சொல்லியிருக்கலாமேடி, மூணு வாரம் வாயில கொழுக்கட்டையா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உனக்கு என்னடி சொல்றது? மூணாவது ஓலைக்கு நீதான் வந்திருந்தியே. கடைசி பெஞ்சு, தூண் பக்கத்துல. அந்தப் பச்சைப் புடவை."

அந்த ஞாயிறு நான் வீட்டை விட்டு நகரவில்லை. பக்கத்திலேயே செபா உட்கார்ந்திருந்தான், அவனே சாட்சி.

"தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் கேட்டதும் நீ எந்திரிச்சு நின்ன. எனக்குப் பாட்டுப் புத்தகம் கையில நிக்கல, இவ கோபத்துக்கு என்ன செய்யப் போறாளோன்னு. நீ வாயே தொறக்கல. சரின்னு தலைய மட்டும் ஆட்டிட்டு உக்காந்துட்ட."

நம்பாமல் இன்னும் நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். நாலு பேரும் அதையேதான் சொன்னார்கள். சாமியாரும் சொன்னார், அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்கு மனம் நிறைந்தது பிலோமினா என்று. இரண்டாம் சீசனை அதற்கப்புறம் நான் போடவே இல்லை.

செபா செய்த துரோகத்தை எப்படியோ விழுங்கிக்கொண்டேன், கூடப் பிறந்தவன், என்ன செய்வது. மாதத்தில் இரண்டு ஞாயிறு இரண்டு பேரும் வருகிறார்கள். போன வாரம் சமையலறையில் கிளாரா பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், கோயிலில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "அன்னைக்கு ஓலையில நீங்க எந்திரிச்சுத் தலையாட்டினீங்களாமே அக்கா. அதக் கேட்ட பிறகுதான் எனக்கு இந்த வீட்டுக்குள்ள வரத் தைரியமே வந்துச்சு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அடுப்பைத் தணித்தேன். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? நான் இன்னும் தலையாட்டவே இல்லை என்றா?