சேறு முடியும் இடம்

1841 செப்டம்பரில் ஒஹாயோ ஆறு வற்றிக் கரையோரச் சேறு வெளியே தெரிந்தது. அப்சலோம் அதில் முளை அடித்தார். நில அளவை படித்த மகன் லைனஸ் இடம் சொன்னான். ஆறு மட்டுமல்ல, முன்பு நீர் வற்றி நின்ற பழைய தாழ்நீர்க் கோடுவரை அந்தச் சேறும் அடிமை மாநிலமான கென்டக்கிக்குச் சொந்தம்; அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் அடிமைமுறை இல்லாத ஒஹாயோ மாநிலம். போன கோடையில் தப்பி வந்த ஒருத்தி, கரை சேர்ந்துவிட்டதாக நினைத்துச் சேற்றிலேயே உட்கார்ந்தாள். துரத்தி வந்தவர்கள் அங்கேயே அவளைக் கட்டினார்கள்.

“முளைக்கு அந்தாண்ட போனாத்தான் மனுசி. இந்தப் பக்கம் இன்னும் மாடுதான்,” என்றார் அப்சலோம். “ஒழுங்காப் பாருடா. ஞாயித்துக்கிழமை உன் அத்தை டார்கஸ் அக்கரையிலேர்ந்து தப்பி வர்றா. எங்க எடம் கெடச்சாலும் உக்காந்துக்குவா.”

“ஒரு அங்குலம் தப்பாதுப்பா.”

இருபது வருடங்களுக்கு முன் தானும் அடிமையாக இருந்து தப்பி, உறைந்த ஆற்றை நடந்தே கடந்து, இடது காலில் இரண்டு விரல்களைப் பனிக்குக் கொடுத்தவர் அவர். பிறகு பீப்பாய் செய்து பிழைத்தார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை காய்ச்சலில் இறந்தார். சனிக்கிழமை அவரைப் புதைத்தார்கள். அன்றிரவு மழை பெய்தது.

ஞாயிறு விடியலில் மழை கழுவிய சேற்றில் புதிதாக வெறுங்கால் தடங்கள் இருந்தன. இடது காலில் மூன்றே விரல்கள். லைனஸ் அளந்தான். ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் இடையே இருபத்தாறு அங்குலம், அப்பாவின் நடைதான். தடம் ஒவ்வொரு முளையருகிலும் நின்று, கட்டியிருந்த படகுவரை போய் முடிந்தது. திரும்பி வந்த தடமில்லை.

எதிர்க்கரையில் மூடுபனி. அங்கே அத்தை காத்திருப்பாள். அவளை ஏற்றிவருவதாகச் சொன்னவர் அப்பா. லைனஸ் கயிற்றை அவிழ்த்தான்.