இடப்பக்கத்து நட்டு

திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்துக் காலம் நெருங்கிவிட்டால் கம்பத்தில் பாண்டீஸ்வரியின் சாணைக் கடையில் கத்தரிகள் குவிந்துவிடும். கோம்பை ஊர்க்காரர்கள்கூட அவளைத் தேடித்தான் வருவார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெடலை மிதித்து மிதித்தே சாணைக்கல்லைச் சுழற்றியவள். இந்த வருஷம் முழங்கால் மக்கர் பண்ணியது. பெடலை விடு, இல்லாவிட்டால் காலை விடு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கடையை மூடிவிட்டு அண்ணனின் வாழை மண்டிக்குப் போகலாம்தான். "அங்கன போயி ஈ ஓட்டவா?" என்று அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் புருஷன் சண்முகராஜ் மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். அதிகம் பேசாத மனுஷன். ஒருநாள் சாயங்காலம் ஜீப் கூரையில் எதையோ கட்டிக்கொண்டு வந்தார். மூடிக்கிடந்த எஸ்டேட் ஷெட்டில் கிடந்ததாம்; வாட்ச்மேன், எடுத்துக்கொண்டு போனால் இடமாவது மிஞ்சும் என்று தூக்கிக் கொடுத்திருக்கிறார். பேர் இல்லை, தகடு இல்லை. ஒரு மோட்டார், இரு பக்கமும் நீட்டிய தண்டு, முனைக்கொரு துருப்பிடித்த நட்டு.

"கரண்டுல ஓடுற சாணையா இருக்கும்னு நெனச்சேன்," என்றார்.

மோட்டார் வைண்டிங் கட்டும் வினோத்ராஜை மறுநாளே கூப்பிட்டார்கள். தோட்டத்து மோட்டார்களோடு பிழைப்பவனுக்குப் பார்த்ததெல்லாம் பம்புதான். "மதினி, இது பாதிப் பம்பு. மிச்சம் எங்கயோ போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுருங்க," என்றான்.

பாண்டீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் மலையிலிருந்து சுமந்து வந்ததைப் பம்பு என்கிறானே. எண்ணெய் விட்டு ஸ்பேனரைப் போட்டாள். வலப்பக்கத்து நட்டு கழன்றது. இடப்பக்கத்து நட்டோ இழுக்க இழுக்க இறுகியது. திட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினாள். பேசாமல் கழன்று வந்தது. நட்டின் உள்ளே வெட்டியிருந்த மரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தம்பி, இந்த நட்டுக்கு மட்டும் மரையைத் தலைகீழா வெட்டியிருக்கு. எவனாச்சும் வேலையத்துப் போயி இப்பிடிச் செய்வானா? ரெண்டு பக்கமும் கல்லு மாட்டுற மெஷினு இது. சுத்துற வேகத்துல நட்டு கழண்டுறக் கூடாதுன்னு செஞ்சிருக்காக."

வினோத்ராஜிடம் ஒரு நல்ல குணம், தோற்றால் சிரித்துவிடுவான். சிரித்தபடியே வேலையில் இறங்கினான். மெஷினுக்கு வேண்டியது மூன்று பேஸ் கரண்ட், கடைக்கு வருவதோ ஒன்று. உள்ளே இருந்த ஆறு வயர்களையும் மாற்றிக் கட்டி, ஒரு கெபாசிட்டரையும் சேர்த்துச் சுவிட்சைப் போட்டான். உறுமியது, பிறகு ஓடியது. வினோத்ராஜ் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் பாண்டீஸ்வரி சுவிட்சை அணைத்தாள்.

"எதிர்ப்பக்கமாச் சுத்துது. இப்பிடியே கல்லை மாட்டுனா நட்டு கழண்டு கல்லு மூஞ்சிக்கு வரும்."

"பம்பு எதிர்ப்பக்கமாச் சுத்துனா தண்ணி வராது, தெரிஞ்சிரும். இதுல எனக்கு என்ன தெரியும் மதினி?" என்றபடி கெபாசிட்டர் வயரை இடம் மாற்றினான். இப்போது சரியாகச் சுற்றியது.

தேனியிலிருந்து புதுக் கல் வந்ததும் மாட்டினார்கள். முதல் கத்தரியைப் பாண்டீஸ்வரி கல்லில் வைத்தாள். பொறி நேராகக் கீழே கொட்டியது. அலகு பளிச்சென்று வந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனாலும் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏ புள்ள," என்றார் சண்முகராஜ், ஜீப் சாவியைத் தேடுகிற சாக்கில் நின்றபடி. "கால எடு."

குனிந்து பார்த்தாள். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவளுடைய வலது கால் வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தது.