மேலே ஏறத் தெரியாத பலகை

நீச்சல் குளத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிகிறது. எல்லார் கண்ணும் பெரிய மின்பலகை மேல். தட எண்களுக்கும் நேரங்களுக்கும் நடுவே "[3A" என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப மின்னுகிறது.

"யாருப்பா இந்த த்ரீ ஏ? எல்லாத் தடத்துலயும் நீந்துறானே!" என்று மேல்வரிசையில் ஒருவர் கத்த, ஒரே சிரிப்பு.

மேசைக்குப் பின்னால் மடிக்கணினியோடு இருப்பவர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அவர் 'பலகை அக்கா'. வார நாட்களில் டைல்ஸ் கடையில் சரக்குக் கணக்கு. வார இறுதியில் நீச்சல் போட்டிகளுக்கு நேரம் காட்டும் வேலை. அந்த மென்பொருளை எழுதியவரும் அவரே. எழுத வைத்தவர் எதிர் வரிசையில் இருக்கிறார்: லேத் பட்டறை இரைச்சலில் காது போன அவர் அப்பா. முன்பெல்லாம் முடிவு மைக்கில் மட்டும்தான் வரும். "என் பொண்ணு ஜெயிச்சதை அடுத்தவன் மூஞ்சியைப் பார்த்தா தெரிஞ்சுக்கணும்?" என்று அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். அன்று எழுத உட்கார்ந்தவர்தான் அக்கா.

இன்று தங்கை இறுதிப் போட்டியில், நான்காம் தடத்தில். இன்றைக்கென்று பார்த்து வழக்கமான பலகை பழுது. இது வாடகைக்கு வந்தது.

போட்டியை நடத்தும் சங்கச் செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "மானம் போகுதும்மா! அணைச்சிடு. மைக் இருக்குல்ல?"

"சார், பொண்ணுங்க வார்ம்-அப் முடிக்கிற வரைக்கும் விடுங்க."

"விசிலுக்குள்ள சரியாகலேன்னா நானே பிளக்கைப் பிடுங்கிருவேன்."

திரையை ஆட்டுவிக்கும் கட்டளைகள் எழுத்தோடு எழுத்தாகப் போகும். எஸ்கேப் கோட் என்பார்கள். 'பச்சையாகு', 'மூன்று வரி மேலே போ' என்கிற மாதிரி. புரிந்த திரை சொன்னதைச் செய்யும். புரியாத திரை கட்டளையையே எழுதி வைக்கும்; 'மூன்று வரி மேலே போ' என்பதுதான் அந்த "[3A". இணைத்ததும் 'நீ எந்த வகை?' என்று மென்பொருள் கேட்டபோது, எல்லாம் தெரிந்த வகை என்று பலகை பீற்றிக்கொண்டது. அக்கா நம்பிவிட்டார். மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காகவே ஓடுகிறது. தப்பு தெரிகிற ஒரே இடம் அந்தப் பலகை.

வேறு வழியில்லை. கூட்டத்தின் முன்னாலேயே கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். சிவப்பு. பலகை சிவந்தது. "ஓ!" என்றது கூட்டம். பச்சை. இன்னும் பெரிய "ஓ!" மேலே போ. மறுபடி "[3A" மின்னியது.

"த்ரீ ஏ வந்துட்டான்டா!"

எல்லாவற்றையும் அழி. பலகை சட்டென்று கறுத்தது. முதல் மூலைக்குப் போ. போயிற்று!

அக்கா நாற்காலியை விட்டுத் துள்ளினார். "சார், இதுக்கு மேலே ஏறத்தான் தெரியல! துடைக்கத் தெரியுது!"

ஒரு நேரம் மாறினால் அந்த வரிக்கு ஏறித் திருத்துவது பழைய வழி. இனி ஏறவே வேண்டாம்; ஒவ்வொரு முறையும் முழுப் பலகையையும் துடைத்து, எட்டுத் தடங்களையும் புதிதாக எழுதட்டும். விரல்கள் பறந்தன. செயலாளர் பிளக் பக்கத்திலேயே நின்றார்.

"கண்ணு சிமிட்டுதேம்மா!"

"சிமிட்டட்டும் சார். உளறலேல்ல?"

விசில். தண்ணீர் வெடித்தது. பலகை சிமிட்டிச் சிமிட்டி எழுதியது: நான்காம் தடம் மூன்றாவது, திரும்பியதும் இரண்டாவது. கடைசிச் சுவரில் நாலும் ஐந்தும் ஒன்றாகத்தான் கை வைத்த மாதிரி இருந்தது. அரங்கமே பலகையைப் பார்த்தது. அது ஒருமுறை கறுத்து, மறுபடி விழித்தது. முதல் வரி, பச்சையில்: தடம் 4.

மைக்கில் அறிவிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். அதற்குள் அப்பா எழுந்து பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நாலு! என் சின்னப் பொண்ணு! நாலுங்க!"

மைக் அதற்கப்புறம்தான் பேசியது.