எருமப்பட்டி: மூன்று கழிப்பறை தூரம்

கமலம் இறந்துவிட்டாள் என்று சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அவள் மருமகள் தொலைபேசியில் சொன்னாள். பதினொரு மணிக்கு எடுக்கிறார்கள். கல்லூரி விடுதியில் மூன்றாண்டுகள் என் அறையைப் பகிர்ந்தவள். கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். சேலத்திலிருந்து எருமப்பட்டி சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். மற்றவர்களுக்கு இரண்டரை மணி நேரம்.

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்; பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி இரத்தம் கசியும் நோய். அறுபத்தாறு வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குமுன் ஓராண்டு மூலத்துக்கு மருந்து தின்றேன். குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார் மருத்துவர். யாருடைய கட்டுக்குள் என்று சொல்லவில்லை. இந்த இரண்டாண்டுகளில் கமலம் பலமுறை அழைத்தாள். மருந்து ஒத்துக்கொள்ளட்டும், வருகிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

ஏழரை மணிப் பேருந்து. காலையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிறு காலியாக இருந்தால் குடல் சும்மா இருக்கும் என்பது என் மூடநம்பிக்கை. மல்லூர் தாண்டியதும் தொடங்கியது. நடத்துநரிடம் போனேன்.

"ஏனுங்கம்மா, ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்க முடியாதுங்களா?"

"பொறுக்க முடிஞ்சா உங்ககிட்ட எதுக்குக் கேக்கறேன்? நிறுத்துங்க. இல்லேன்னா சீட்டை நீங்கதான் கழுவணும்."

உடனே விசில் ஊதினார்.

பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். மாற்றுப்புடவை எடுத்துச் சென்றது வீண்போகவில்லை. வந்த பேருந்து அதற்குள் போய்விட்டது; ஒன்பதேகாலுக்குத்தான் அடுத்தது. நாமக்கல் பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையில் பத்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடங்கள், இரத்தம். எருமப்பட்டியில் இறங்கியபோது பதினொன்று இருபத்தைந்து.

மருமகள் ஈரப்புடவையுடன் முன்னறையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டாங்கம்மா. உங்களுக்காகக் கால் மணி நேரம் வெச்சிருந்தோமுங்க. வெயில் ஏறுதுன்னு பெரியவங்க சத்தம் போட்டாங்க."

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே அவ்வளவுதான். துக்கம் விசாரிக்க வேண்டிய வாய், "பாத்ரூம் எங்கேம்மா?" என்றுதான் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால் அல்ல, முன்னறையை ஒட்டியே இருந்தது. புது டைல்ஸ், உட்காரும் வகைக் கழிப்பறை, சுவரில் கைப்பிடி.

வெளியே வந்ததும் மருமகள் சொன்னாள்: "உங்களுக்குன்னு அத்தை கட்டுனதுங்க. 'ஊட்டுக்குப் பொறகால நடக்க வெச்சா அவ வரமாட்டா'ன்னு ஒரே பிடிவாதம். போன தையிலயே முடிஞ்சுதுங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொன்னாள். மருந்து ஒத்துக்கொள்ளட்டும் என்றேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. சொல்லாமல் கிளம்பினேன்.

இதே நோயோடு இந்த வழியில் செல்பவர்களுக்கு: முடிந்தால் காரில் போங்கள். பட்டினி காப்பாற்றாது. மாற்றுடை ஒன்று போதாது, இரண்டு வையுங்கள், சில்லறையும் வேண்டும். நோய் அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்; எனக்கு அடங்கவில்லை. எருமப்பட்டியில் நல்ல கழிப்பறை உண்டா என்று கேட்டால், ஒன்று உண்டு. சுத்தமானது, காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே போக எனக்குத்தான் இனிக் காரணம் இல்லை.