சாவியைப் பிடுங்கிய பிறகும் ஓடிய லாரி

புகைக்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாத ஓட்டுநர் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். வெறுங்கையோடு வந்து ஒரு தகரக் கொட்டகை போட்டார். இன்று அது நாலு லாரி நிற்கிற பட்டறை. வண்டி வாசலில் திரும்பும்போதே நோயைச் சொல்லிவிடுவார். கறுப்புப் புகையா? எஞ்சினுக்குக் காற்று போதவில்லை. பில்டர் அடைத்திருக்கும், அல்லது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போவிலிருந்து போகிற குழாய் எங்கேயோ கிழிந்திருக்கும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலமா? எண்ணெய் எரிகிறது.

"என் கண்ணு பொய் சொன்ன நாளை யாராவது காட்டுங்க, மீசையை எடுத்துடறேன்" என்பார். சும்மா சொல்லக் கூடாது, மீசை இருக்கத்தான் செய்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு வண்டியின் புகையை மட்டும் பார்க்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது தங்கை வீட்டு லாரி.

தங்கையின் கணவர் வீம்புக்காரர். மச்சானிடம் வண்டியைக் காட்டினால் ஆயுசுக்கும் பேச்சுக் கேட்க வேண்டும் என்று பட்டறைப் பக்கமே வண்டியைத் திருப்பியதில்லை. ஒருநாள் ஜல்லி இறக்கிவிட்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். சாவியைத் திருப்புவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. எஞ்சின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததால், உள்ளே அடுப்படியில் இருந்த தங்கைக்கு வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து தங்கையின் மகள் லாரியை எடுத்தாள். நல்ல கை. அவள் ஓட்டிய முதல் நாள் மாலை புகைக்காரர் தங்கை வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். லாரி தெருமுனையில் திரும்பியதும், தங்கை கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தாள்.

"கேட்டியா அண்ணா? அவர் விசிலு! முனை திரும்பும்போது எனக்கு அடிப்பாரே, அதே விசிலு!"

மெல்லிசாக, நீளமாக ஒரு சீழ்க்கை. புகைக்காரருக்கு முதுகு சில்லிட்டது. ஆனாலும் கண், பழக்க தோஷம், புகைக்குழாய்க்குப் போய்விட்டது. மகள் வண்டியை நிறுத்தி, எஞ்சினைச் சற்று நேரம் சும்மா ஓடவிட்டு மறுபடி மிதித்தாள். நீலமாக ஒரு கொத்து எழுந்தது. டர்போதான். அச்சு தேய்ந்து ஆடுகிறது, அந்தச் சத்தம் அதனால். எண்ணெயைத் தடுக்கிற சீலும் போய்விட்டது.

சொல்ல வாயெடுத்தார். தங்கை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் போன பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அன்றுதான்.

"பிஸ்டன் ரிங்கு லேசா தேஞ்சிருக்கு போல. ஓடட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அந்தச் சீழ்க்கை அவரை விடவில்லை. பட்டறையில் துளை போடும்போது கேட்டது, சாணைக் கல் சுற்றும்போது கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"மாமா, எண்ணெய் சகட்டுமேனிக்குக் குடிக்குது" என்றாள் தங்கை மகள்.

"உங்கப்பன் டீ குடிச்ச மாதிரி குடிக்குது. ஊத்து."

அவள் சிரித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு மதியம், தங்கை வீட்டு வாசலிலேயே அது நடந்தது. மகள் லாரியை நிறுத்திச் சாவியைப் பிடுங்கினாள். எஞ்சின் நிற்கவில்லை. யாரும் மிதிக்காமலே வேகம் ஏறியது. சீழ்க்கை ஓலமாகி, தெரு முழுக்க நீலப் புகை அப்பிக்கொண்டது. டர்போ கக்கிய எண்ணெயையே குடித்துக்கொண்டு எஞ்சின் வெறிபிடித்து ஓடியது.

"குதிடி கீழே!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார், சாப்பிட வந்திருந்த புகைக்காரர். மகள் குதித்தாள். ஆனால் தங்கை மறுபக்கமாக ஏறி உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.

"அவர்தான்! இறங்க மாட்டேங்கிறார் அண்ணா!"

"இறங்கித் தொலைடி, எஞ்சின் வெடிச்சிடும்!"

அவள் ஸ்டீயரிங்கை அணைத்துக்கொண்டிருந்தாள். அவர் அடுப்படிக்கு ஓடி, காய் நறுக்கும் பலகையை எடுத்துவந்து, காற்று இழுக்கிற குழாயின் வாயில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினார். எஞ்சின் திணறியது, உடம்பைக் குலுக்கியது, விக்கியது, அடங்கியது.

புகைக்குள்ளிருந்து தங்கையின் குரல் மட்டும் வந்தது. "மூச்சை அடைச்சுட்டியே அண்ணா."

அன்றைக்கே டர்போவைக் கழற்றி வாசலில் வைத்தார். மகள் அச்சை ஆட்டிப் பார்த்தாள். ஆடும் பல் மாதிரி ஆடியது.

"ரிங்குன்னீங்களே. இது உங்களுக்குத் தெரியும்ல மாமா?"

"தெரியும்."

தங்கையும் விரலை வைத்தாள். "இது எப்போலேர்ந்து ஆடுது?"

"ரெண்டு மூணு வருஷமா இருக்கும்."

அவள் விரலை எடுக்கவில்லை. "அப்போ... முனையில அவர் எனக்கு விசிலடிச்சதே இல்லையா?"

புகைக்காரர் கந்தல் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். தங்கை விரலை எடுத்தாள். "புதுசு மாட்டிடு. பிள்ளை ஓட்டுற வண்டி."

புது டர்போ மாட்டிய லாரி மறுவாரம் சத்தமே இல்லாமல் முனை திரும்பி வந்தது. மகள் சாவியைத் திருப்பினாள், நின்றது. வண்டி வந்தது உள்ளே தெரியவில்லை. மகள் ஹாரனை அடித்துவிட்டுக் கீழே இறங்கினாள். வெளியே வந்த தங்கை மகளைப் பார்க்கவில்லை. காலியாக இருந்த ஓட்டுநர் இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.